கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

1

இந்த ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் முதல் வாக்கியம் மாறவே மாறாது. "உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறாள், பதற வேண்டாம்." அப்படிச் சொன்ன பிறகுதான் நமக்குப் பதற்றமே ஆரம்பிக்கிறது என்பதை இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த போன் வந்தபோது நான் ஒரு ட்ராம் வண்டிக்கு அடியில் இருந்தேன். மெல்பர்ன் நகரத்தில் ஓடும் ட்ராம்களுக்கு பிரேக் பார்ப்பது என் வேலை. பள்ளிபாளையத்தில் பிறந்து, நாமக்கல் பக்கம் படித்து, இங்கே வந்து சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஊரிலிருப்பவர்கள் நான் ஏதோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

"இன்று மூன்றரை மணிக்கு வர முடியுமா? அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்தால் நல்லது."

என்ன விஷயம் என்று கேட்டேன். ஆங்கில வகுப்பில் தாரிணி எழுதிய ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். தாரிணி எங்கள் ஒரே மகள். பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. எதையோ பார்த்துக் காப்பி அடித்து மாட்டிக்கொண்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் மனைவி சுமதி முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். சீருடையோடு நேராகப் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏனுங்க, மார்க் கம்மியானாக்கூட இவங்க கூப்புட மாட்டாங்களே. ரண்டு பேரையும் வரச் சொல்றாங்கன்னா என்னமோ பெருசுங்க" என்றாள்.

உள்ளே ஒரு சின்ன அறை. மேசை நடுவில் டிஷ்யூ பெட்டி. டிஷ்யூ பெட்டி வைத்திருக்கிற அறைக்குள் கூப்பிட்டு யாரும் நல்ல செய்தி சொன்னதில்லை. எதிரில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஆங்கில ஆசிரியை, முப்பது வயதுதான் இருக்கும். மற்றவர் மாணவர் நலனைப் பார்ப்பவர்.

ஆசிரியை மெதுவாக விளக்கினாள். வகுப்பில் ஒரு நாவல் படிக்கிறார்கள், சமீபத்தில் வந்தது. கடற்கரை ஊரொன்றில் சித்தி வீட்டில் வளரும் ஒரு பெண், எங்கோ இருக்கும் தன் அம்மாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதுகிறாள். ஒன்றைக்கூட தபாலில் போடுவதில்லை. படித்து முடித்த பிள்ளைகள் வழக்கமான கட்டுரை எழுத வேண்டியதில்லை. அந்த நாவலுக்குப் பதில் சொல்வதுபோல் சொந்தமாக ஏதாவது படைக்க வேண்டும். ஒரு பையன் அந்த ஊருக்கு வரைபடம் போட்டிருக்கிறான். ஒரு பெண் சித்தியின் டைரியை எழுதியிருக்கிறாள். தாரிணி எழுதியது ஒரு கால அட்டவணை.

இரண்டு தாள்களில் முதலாவதை என் பக்கம் திருப்பி வைத்தாள். இடது பக்கம் நேரம். வலது பக்கம் ஒரு கட்டளை. அதன் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெண் தனக்குள் சொல்லிக்கொள்வது. என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

"4.30. மணி அடிக்கும். எழு. கண் திறந்திருந்தால் எழுந்ததாகக் கணக்கு.

4.45. ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர். தலைக்கு ஊற்றினால் முதுகுக்கு இல்லை.

5.00. வரிசையில் உட்கார். படி. எனக்கு முன்னால் இருப்பவளின் பின்னல்தான் எனக்கு ஜன்னல்.

ஞாயிறு. வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். உறையை ஒட்டக் கூடாது."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டே சிரித்தேன். என் ஹாஸ்டல்! ஒரு வாளி, ஒட்டாத உறை எல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் அவளுக்குச் சொன்ன கதைகள். எதிரிலிருந்த இருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை தன் நோட்டைத் திறந்தாள்.

"மார்ச் மாதம் பெற்றோர் சந்திப்பில் நீங்கள் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். நினைவிருக்கிறதா?"

சுமதி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு நினைவிருந்தது.

2

ஊரிலிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறதோ.

பத்தாம் வகுப்பில் நான் நல்ல மார்க் வாங்கியதும், என்னை நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போனார். அப்பா காகித ஆலையில் எடை போடும் பிரிவில் வேலை பார்த்தவர். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோடு, அங்கிருந்து இன்னொரு பஸ். பள்ளியில் பெரியசார் அறைக்கு வெளியே எங்களைப்போல் முப்பது நாற்பது அப்பா பிள்ளைகள். ஒவ்வொரு அப்பாவும் உள்ளே போய் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

எங்கள் முறை வந்ததும் அப்பாவும் கைகட்டி நின்று சொன்னார். "கண்ணை மட்டும் உட்டுப்போட்டு மத்ததையெல்லாம் உரிச்செடுங்க சார். என்ற மகன் படிச்சாப் போதுமுங்க."

பெரியசார் சிரித்தார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு அட்மிஷன் முடிந்தது.

மார்ச் மாதம் தாரிணியின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. ஒருவருக்குப் பத்து நிமிடம். ஆங்கில ஆசிரியை நல்லபடியாகப் பேசிவிட்டு, கடைசியில், "தாரிணியைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என் வாயில் ஒரே ஒரு பதில்தான் தயாராக இருந்தது. மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவளிடம் கண்டிப்பாக இருங்கள், கண்களை மட்டும் விட்டுவிட்டு மிச்சத் தோலை உரித்துவிடலாம், எங்களிடமிருந்து ஒரு புகாரும் வராது.

உங்களை முழுசாக நம்புகிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். நாமக்கல்லில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. இங்கே அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். என் அக்கறையைக் குறித்துக்கொள்கிறாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

இப்போது அந்த வாக்கியத்தை அவள் அப்படியே திரும்பப் படித்தாள். டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்தில் கேட்டபோது அது வேறு ஆள் சொன்னதுபோல இருந்தது.

"அது ஒரு பேச்சு வழக்கு" என்றேன். "இது என் ஹாஸ்டல். என் மகளுடையது அல்ல. நான் போர்டிங் ஸ்கூலில் படித்தவன்."

போர்டிங் ஸ்கூல் என்றதும் நலன் பார்ப்பவர் புருவத்தை உயர்த்தினார். இந்த ஊரில் போர்டிங் ஸ்கூல் என்றால் பணக்காரப் பிள்ளைகள் குதிரையேற்றம் பழகும் இடம். ட்ராம் கிரீஸ் படிந்த சட்டையோடு நான் அதைச் சொல்ல, நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மென்மையாகச் சொன்னார். ஒரு பிள்ளை வீட்டில் துன்பப்படுகிறதோ என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். காலையிலேயே தெரிவித்தாகிவிட்டது. குழந்தைகள் நலத்துறையிலிருந்து வியாழக்கிழமை பள்ளிக்கு வந்து தாரிணியோடு தனியாகப் பேசுவார்கள். பிறகு வீட்டுக்கு வருவார்கள்.

"அதுவரை இந்த எழுத்தைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகத் தோன்றக் கூடாது."

சுமதி ஒரு டிஷ்யூவை எடுத்துக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தாள். காருக்குள் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "அவளக் கூட்டிட்டுப் போயிருவாங்களாங்க?"

அப்படியெல்லாம் நடக்காது என்றேன். எனக்கு நிச்சயமில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் யாரோ எப்போதோ சொன்ன கதைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

3

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. நான் தயாரித்தது. கணக்குக்குப் பச்சை, அறிவியலுக்குச் சிவப்பு. காலை ஐந்தேகாலுக்கு எழுவதில் ஆரம்பிக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் சுமதி செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அதைக் கிழித்தெடுத்தாள்.

"எதுக்கு எடுத்தே? அவங்க வந்து பாத்தா மறைச்சுட்டோம்னு நெனைப்பாங்க."

"இருந்தா என்னன்னு நெனைப்பாங்கன்னு ரோசனை பண்ணுனீங்களா?"

நான் அதை வாங்கி மறுபடி ஒட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. மறுபடி எடுத்தேன். மடித்து பெட்ரூம் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். குற்றம் செய்தவன் தடயத்தை ஒளிப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபோது எரிச்சல் வந்தது. நான் என்ன குற்றம் செய்தேன்? பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

தாரிணி நாலரைக்கு வந்தாள். பாலை எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனாள். கதவில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு பாலை எடுத்து ஊற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அட்டவணை எங்கே என்று அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் எல்லோரும் மிக நல்லவர்களாக நடந்துகொண்டோம். சுமதி தாரிணிக்குப் பிடித்த பணியாரம் சுட்டாள். நான் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. நாள் முழுக்க அவளோடு பேசுவதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். மார்க், டெஸ்ட், டியூஷன் மூன்றையும் எடுத்துவிட்டால், சட்னி போடட்டுமா என்பதுதான் மிச்சம்.

புதன்கிழமை காலை சோபாவில் அந்த நாவல் கிடந்தது. ஒரு மாதமாக அங்கேதான் கிடந்திருக்கிறது. எழுத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

4

சொன்னால் வெட்கம். நாற்பத்தைந்து வயதில் நான் முழுசாகப் படித்த முதல் நாவல் அதுதான்.

எங்கள் விடுதிப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பாடத்தை இரண்டே மாதத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். மீதி நாளெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான், இரண்டு வருடமும். தமிழில் துணைப்பாடம் என்று கதைகள் உண்டு. அந்தக் கதைகளை நாங்கள் படித்ததில்லை. கைடில் இருக்கும் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்தோம். முன்னுரை, கதைமாந்தர், முடிவுரை. இரண்டு வருடத்தில் நூறு முறை எழுதியிருப்பேன். அந்தக் கதையில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இங்கே என்னவென்றால் புத்தகத்தில் இல்லாததை எழுது என்கிறார்கள். எங்களில் யாராவது அப்படி எழுதியிருந்தால் அதற்குப் பெயர் அவுட் ஆஃப் சிலபஸ். அடி விழுந்திருக்கும்.

குணசேகரன் என்று மேட்டூர்ப் பையன் ஒருவன் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். அவன் அப்பா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். குணா வேதியியல் கைடுக்குள் ஒரு நாவலை வைத்துப் படித்து மாட்டிக்கொண்டான். வார்டன் அடிக்கவில்லை. போன் போட்டு அப்பாவை வரச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அவர் வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையோடே வந்து இறங்கினார். ரேங்க் லிஸ்ட் ஒட்டியிருக்கும் போர்டு முன்னால் எல்லோரும் பார்க்க அவனை அடித்தார். குணா வேப்பமரத்தைச் சுற்றி ஓட, அவரும் பின்னாலேயே ஓடினார். கடைசியில் வார்டனே, "போதும், விடுங்க" என்று கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வார்டனைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோங்க சார், இனிமேப் படிப்பான்" என்றார்.

இதை நான் தாரிணிக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், சிரிப்புக் கதையாக. வேப்பமரத்தைச் சுற்றி ஓடுவதை நடித்தே காட்டியிருக்கிறேன். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாள். எந்த வயதில் அவள் சிரிப்பது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

மதிய இடைவேளையில் டிப்போவின் பின்பக்கம் உட்கார்ந்து அந்த நாவலைப் படித்தேன். உடன் வேலை செய்யும் வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்து, பரீட்சையா என்று கேட்டான். கிட்டத்தட்ட என்றேன். அன்று மாலையும் காரிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். அந்தச் சித்தி மோசமானவளாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நல்லவள்தான். வேளைக்குச் சோறு போடுகிறாள், ஸ்கூலுக்கு அனுப்புகிறாள். அந்தப் பெண்ணை யாரும் அடிக்கவில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஒரு நாவலா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

5

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவுக்கு போன் போடுவது பழக்கம். பள்ளிபாளையத்தில் அப்போது மதியம் கழிந்திருக்கும். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், "என்ன சாமி, கொரலு ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. பாப்பா எழுதுனதுக்கு உன்னைய எதுக்குக் கேக்கறாங்க என்று இரண்டு முறை கேட்டார். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

"அதுல என்ன தப்பு? எல்லாருந்தான் சொன்னோம்."

"எதுக்குங்கப்பா சொன்னீங்க?"

"எதுக்குன்னா? அந்த வாத்தியாரு ஆயரம் புள்ளைக்கு வாத்தியாரு. என்ற மகன அவரு எப்புடி ஞாபகம் வெச்சுக்குவாரு? எனக்கு இங்கிலீசு தெரியுமா, பெரிய மனுசனத் தெரியுமா? அதையச் சொன்னா, இந்த ஆளு நம்மள நம்பி உட்டுட்டுப் போறான்னு உன்னைய ஒரு பார்வ பாப்பாருன்னுதான். வேற என்னத்தச் சொல்றது நானு?"

நான் சரி என்றேன். வைத்துவிடப் போகும்போது, "ஏஞ்சாமி" என்றார்.

"சொல்லுங்கப்பா."

"அங்க உன்னைய அடிச்சாங்களா?"

இருபத்தெட்டு வருடத்தில் அப்பா இதைக் கேட்டது இதுதான் முதல் முறை. அடித்தார்கள். ரேங்க் ஐந்துக்குக் கீழே போன ஒவ்வொரு வாரமும் அடித்தார்கள். உள்ளங்கையில் அல்ல, விரல் கணுவில். அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது. எழுபத்து நான்கு வயது. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

"இல்லீங்கப்பா" என்றேன். "மெரட்டறதோட செரி."

"அதான பாத்தேன்" என்றார். அந்தக் குரலில் அத்தனை நிம்மதி.

6

வியாழக்கிழமை நானும் சுமதியும் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தோம். காலை பத்து மணிக்குப் பள்ளியில் தாரிணியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று தெரியும். பத்திலிருந்து பதினொன்றரை வரை சுமதி ஒரே அடுப்பை மூன்று முறை துடைத்தாள். நான் கொல்லைப்புறம் போனேன், வந்தேன். ஒரு அறைக்குள் யாரோ என் மகளிடம் என்னைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பதினாறு வருடம் வளர்த்தவனுக்கு அந்தப் பதிலை ஊகிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு வந்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், குறிப்பெடுக்க ஓர் இளைஞன். டீ வேண்டாம் என்றார்கள். சுமதி அதைக் காதில் வாங்காமல் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பெண்மணி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தாரிணியின் அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்தார். காலையில் யார் எழுப்புவது, எத்தனை மணிக்கு, போன் யாரிடம் இருக்கும், தோழிகள் வீட்டுக்கு வருவதுண்டா என்று கேட்டார்.

"மார்க் குறைந்தால் என்ன நடக்கும்?"

"பேசுவோம்" என்றேன்.

சுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இளைஞன் அதையும் கவனித்தான் என்று நினைக்கிறேன். என் ஆங்கிலம் அன்றைக்கு என்னைக் கைவிட்டுவிட்டது. டிப்போவில் சண்டை போடும் அளவுக்கு ஆங்கிலம் பேசுகிறவன், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நின்று நின்று தேடினேன். வியர்த்தது. கையில் ஒரு முறுக்கை எடுத்தவன் அதைச் சாப்பிடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண்மணி லேப்டாப்பை மூடினார். தாரிணி தெளிவாகப் பேசினாள் என்றார். இது அப்பா படித்த விடுதியின் கதை, அந்த நாவலில் வரும் பெண்ணை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன் என்று சொன்னாளாம். வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றாளாம். மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை, ஒரு கடிதம் வரும் என்றார்.

சுமதி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். கையிலிருந்த முறுக்கை நான் ஒருவழியாகத் தட்டில் வைத்தேன். வாசல் வரை போன பெண்மணி திரும்பி வந்து பைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்.

"இதை உங்களிடம் கொடுக்கலாம் என்று உங்கள் மகள் சொன்னாள்."

7

முதல் தாளை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாவதை எடுத்தேன். பயம் போய்விட்டதால் ஒரு பரீட்சைத் தாளைத் திருத்துகிறவன்போல நிதானமாகவே ஆரம்பித்தேன். காக்கிச் சட்டைக்காரர் வந்தார். என்னுடையது. வேப்பமரம். என்னுடையது. அதில் ஓடுகிற பெண்ணின் ஒரு செருப்பு மரத்தடியிலேயே கிடக்கிறது. ஓடி முடித்ததும் யாரும் அதை எடுத்துத் தரவில்லை. அதை நான் சொன்னதில்லை, ஆனால் இருக்கட்டும், கதைதானே.

அடுத்த வரி இது.

"7.10. வார்டன் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார். என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் கையில் ஆரஞ்சுப்பழ வாசம் அடிக்கும். அந்த வாசம் போகிறவரை நான் படிக்காமலே பக்கங்களைத் திருப்புவேன்."

எங்கள் வார்டன் நின்றுகொண்டு பார்க்கிற ஆளே இல்லை. அரை மைல் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வருவார். பீடி வாசம் அடிக்கும். ட்ராம் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் சாதாரண சோப்புக்குப் போகாது. டிப்போவில் அதற்கென்று ஆரஞ்சு வாசனையோடு ஒரு பசை கொடுப்பார்கள். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தினமும் வீட்டுக்கு வருகிறேன். வந்ததும் சாப்பிட்டுவிட்டு, அவள் படிக்கிறாளா என்று பார்க்க அவள் அறைக்குப் போகிறேன். திட்டுவதில்லை. கை ஓங்கியதில்லை. என்னை அடித்ததுபோல் என் மகளை அடிக்கக் கூடாது என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்தவன் நான். சும்மா நிற்பேன், அவ்வளவுதான். அது அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையை மூக்கருகே கொண்டுபோனேன். லீவு நாளிலும் அந்த வாசம் இருந்தது.

தாரிணி டியூஷன் முடிந்து ஐந்தரைக்கு வந்தாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அவள் அறைக்குப் போய் நாற்காலியில் உட்காரும்வரை ஹாலில் நின்றேன். பிறகு போய் நிலைப்படியில் நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினாள். தாள்கள் என் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"ரெண்டாவது பேஜும்?"

"அதையுந்தான்."

அவள் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தமிழ் எங்கள் இருவரிடமும் பாதிப் பாதி எடுத்துக்கொண்ட தமிழ். அதில் பேசும்போது எப்போதும் கொஞ்சம் சின்னப் பெண்போலத் தெரிவாள்.

"பயமான்னு அவங்க கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னியாமே" என்றேன்.

"ம்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். நீங்களெல்லாம் இப்படித்தான் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளப்போகிறாள், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"பயம்னு சொல்லியிருந்தா உங்களைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேப்பாங்கப்பா. நீங்க அங்க உக்காந்து இங்கிலீஷ்ல வேர்ட் தேடிட்டு இருப்பீங்க. வேர்க்கும். எனக்கு அத நெனைச்சாலே ஒரு மாதிரி இருந்துச்சு. அதான்."

நான் உட்கார்ந்துவிட்டேன், தரையில், கட்டிலில் சாய்ந்துகொண்டு. என் மகள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தபோது, என் ஆங்கிலத்துக்கு இரக்கப்பட்டு அதை விட்டிருக்கிறாள். இதற்கு எந்த அப்பனும் நன்றி சொல்ல முடியாது. சந்தோஷப்படவும் முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்படிச் செய்தால் இந்தப் பேச்சு அத்தோடு முடிந்துபோகும் என்றும் தெரிந்தது.

"இப்ப அவங்க யாரும் இல்லை சாமி" என்றேன். அவளிடம் பேசும்போது முதல் முறையாக என் வாயில் முழுப் பள்ளிபாளையமும் வந்தது. "நாந்தான் கேக்கறேன். கேட்டுப்போட்டுக் கோவிச்சுக்க மாட்டேன். என்னையப் பாத்தா உனக்குப் பயமா இருக்குதா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். அவசரமாக இல்லை என்று சொல்லிவிடாமல், ஒரு கணக்குக்கு விடை பார்ப்பதுபோல, உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"எப்பவும் இல்ல" என்றாள். "சில நாள்."

"எந்தெந்த நாள்?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சுமதியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. தாரிணி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவள் முதலில் சொன்ன நாள் எனக்கு நினைவிலேயே இல்லை.